புருஷன் பேரைக் கேட்காத கம்ப்யூட்டர்

"தீபத்துக்குள்ள உன் புரோகிராம் ஓடணும்மா. ஓடலைன்னு வச்சுக்கோ, கம்ப்யூட்டரை வித்துட்டு ஜெராக்ஸ் மிஷின் வாங்கிப் போட்டுடுவேன்."

முதலாளி இதைக் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்.

எண்பதுகளின் கடைசி அது. திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் ஒரு மாடி அறைதான் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு பட்டுத்துணி உறை, ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு வருஷம் முழுக்க அழியாமல் அதன் நெற்றியில். கருப்புத் திரையில் பச்சை எழுத்து. ஊரில் பாதிப் பேர் அதை ஒரு வகை டிவி என்று நினைத்தார்கள். மீதிப் பேர் ஜாதகம் பார்க்கிற மெஷின் என்று நினைத்து மாடி ஏறி வந்தார்கள்.

நான் கீழ்பென்னாத்தூர்ப் பெண். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற வீடு. கணக்கில் டிகிரி முடித்துவிட்டு, வேலூரில் தங்கி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தேன். தினம் பஸ் ஏறி வேலைக்குப் போக நைனா சம்மதித்ததே அந்த ஒரு சொல்லுக்காகத்தான். "கம்ப்யூட்டர்னா போம்மா. வேற எதுன்னாலும் வூட்டுல இரு, நான் வரன் பாக்கறேன்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். ஜெராக்ஸ் மெஷின் வந்த மறுநாளே ஜாதகக் கட்டு கைக்கு வந்துவிடும். முதலாளி ஆற்றியது அவருக்குக் காபி. எனக்கு அது தலையெழுத்து.

முதலாளிக்கு ஒரு கனவு இருந்தது. சென்னைக்காரர்கள் செய்து விற்கிற புரோகிராம்களை நாம் ஏன் வாங்க வேண்டும், நாமே ஒன்று செய்து ஊர் ஊராக விற்கலாமே என்று. நல்ல கனவுதான். என்ன செய்வது என்பதில்தான் அவர் தினத்துக்கு ஒன்று சொல்வார். கடைசியில் அவர் உறுப்பினராக இருந்த தொண்டர் குழுவே வழி காட்டியது. கார்த்திகைத் திருவிழாவில் அந்தக் குழு வருஷா வருஷம் கிழக்கு கோபுரத்துப் பக்கம் ஒரு பந்தல் போடும். கூட்டத்தில் பிரிந்துபோனவர்களைச் சேர்த்து வைக்கிற பந்தல். அங்கே ஒரு மைக், அந்த மைக்குக்கு ஒரு பெரியவர். அவர் குரலை மலை உச்சியிலேயே கேட்கலாம் என்பார்கள். வந்து அழுகிறவர்களின் விவரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, அவர் கத்துவார். ஆயிரம் துண்டுக் காகிதம் சேர்ந்ததும் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

"இதுக்கு ஒரு புரோகிராம் பண்ணு. நம்ம ஊர்ல ஓடிச்சுன்னா எல்லாத் திருவிழாவுக்கும் விக்கலாம்" என்றார் முதலாளி.

எனக்குத் தூக்கம் போய்விட்டது, சந்தோஷத்தில். பிரிண்டரில் வீணாய்ப் போன காகிதங்களின் பின்பக்கத்தில் வரைந்து தள்ளினேன். முதல் திரையில் என்ன கேட்க வேண்டும், இரண்டாவதில் என்ன, தேடினால் எப்படிக் காட்ட வேண்டும், தேடுகிறவரும் தேடப்படுகிறவரும் இரண்டு பேருமே பந்தலுக்கு வந்துவிட்டால் மெஷின் தானாகவே கண்டுபிடித்து 'பீப்' என்று கத்த வேண்டும். அந்த பீப் என் யோசனை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

முதலாளியின் யோசனைகளும் இருந்தன. புரோகிராமைத் திறந்தால் நட்சத்திரக் குறிகளாலேயே வரைந்த ஒரு அகல்விளக்கு திரையில் தெரிய வேண்டும், அதன் சுடர் கீழிருந்து மேலாக வரி வரியாக ஏற வேண்டும். "சார், அது ஏறி முடிக்கறதுக்குள்ள தொலைஞ்ச குழந்தைக்குக் கல்யாண வயசாயிடும்" என்றேன். கேட்கவில்லை. அடுத்தது, தகப்பனார் அல்லது கணவர் பெயர் கட்டாயம். "எந்த அப்ளிகேஷன்ல அது இல்ல? அதில்லாம ஒரு ரெக்கார்டா?" என்றார். இதில் நான் சண்டை போடவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கர்சர் ஒரு இம்மிகூட நகராதபடி கெட்டிக்காரத்தனமாக எழுதி வைத்தேன். கீழ்பென்னாத்தூரில் பிறந்து வளர்ந்த பெண், அதுவும் 'இந்தா பாருங்க' என்பதைத் தவிர நைனாவை வேறு எப்படியும் கூப்பிட்டறியாத அம்மாவின் பெண், எழுதி வைத்தேன்!

தீபத்துக்கு மூன்று நாள் முன்னால், தேர் அன்றைக்கு, புரோகிராமுக்கு வெள்ளோட்டம். கம்ப்யூட்டரைப் பட்டு உறையோடு ரிக்‌ஷாவில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போகிற மாதிரி மெதுவாகப் பந்தலுக்குக் கொண்டுவந்தோம். மைக் பெரியவர் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது கத்துமா?"

"கத்தாது, கண்டுபிடிக்கும்" என்றேன்.

"பாப்போம், பாப்போம்."

அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள்தான் முதலில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும், மஞ்சள் பூசிய முகம், இடுப்பில் சுருக்குப்பை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

"தொலைஞ்சுட்டீங்களாம்மா?"

"நான் எங்க தொலைஞ்சேன்? அவருதான் தொலையறதே வேலையா வச்சுக்கினு கீறாரு. தீபத்து மாட்டுச் சந்தைன்னா போதும், பொண்டாட்டி ஒருத்தி கூட வந்தாங்கறதே மறந்துபூடும்."

"அவர் பேரு?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. வீட்டுக்காரர் பேரு."

"நல்லா கேட்ட போ! கட்டுன புருஷன் பேரை எப்படிம்மா வாயால சொல்றது?"

கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். கர்சர் நகரவில்லை. எப்படி நகரும்? நான்தானே நகரக் கூடாது என்று கட்டிப் போட்டிருந்தேன். அது அங்கேயே நின்று கண்ணைச் சிமிட்டியது. பின்னால் வரிசை நீண்டது. யாரோ குழந்தை வீறிட்டது.

"உங்க பேரை மைக்ல சொல்லிடலாமா?"

"ஐயையோ, மானம் பூடும்!"

கடைசியில் அந்த அம்மாள் மனமிறங்கி ஒரு வழி செய்தாள். கையைத் தூக்கிக் கோபுரத்துக்குப் பின்னால் நிற்கிற மலையைக் காட்டினாள். "அதோ நிக்கறாரே, அவரு பேருதான். போதுமா?"

போதும் என்று நினைத்தேன், புத்தியைப் பாருங்கள். பேரைத் தட்டினேன். ஊரைக் கேட்கிற கட்டம் இரண்டாவது திரையில் இருந்தது. அதுவரை யார் காத்திருப்பது? மைக் பெரியவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, திரையில் இருந்த பேரை அப்படியே படித்து, "உங்கள் மனைவி இங்கே காத்திருக்கிறார், உடனே வரவும்" என்று முழங்கிவிட்டார்.

இந்த மலையைச் சுற்றியிருக்கிற கிராமங்களில் வீட்டுக்கு ஒருத்தருக்காவது அந்தச் சாமி பேர்தான். வந்தார்கள் பாருங்கள்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டை உதறிக்கொண்டு, ஆளுக்கு ஆள் "என் சம்சாரம் எங்க?" என்று கேட்டுக்கொண்டு. ஒருத்தருக்குக் கல்யாணமே ஆகவில்லை, என்ன விஷயம் என்று பார்க்க வந்தாராம். அந்த அம்மாள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்து, "இவரு இல்ல... இவரும் இல்ல... சீ, இவரு கெயவரு" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அவளுடைய ஆள் மட்டும் வரவில்லை. இத்தனை பேர் இருக்கிற ஊரில் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

"போங்கம்மா நீங்களும் உங்க பொட்டியும். நானே போய்ப் புடிச்சுக்கறேன்" என்று அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுச் சந்தைப் பக்கம் நடந்தாள். பந்தலே சிரித்தது. மைக் பெரியவர் சிரிக்கவில்லை.

"தீபத்தன்னிக்கு இந்தப் பொட்டி இங்க வேணாம்" என்றார் முதலாளியிடம். முதலாளி கெஞ்சிக் கூத்தாடி, "ஒரே ஒரு தடவைங்க" என்று சம்மதம் வாங்கினார். வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜெராக்ஸ் மெஷின் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போகிற பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மனசுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டே வந்தேன். மைக் பெரியவரை, முதலாளியை, அந்த அம்மாளை, மலையின் பேரை வைத்துக்கொண்டு தொலைந்த அவள் புருஷனை, முக்கியமாக என்னை. அப்போது கண்டக்டர் நெரிசலில் நீந்தி வந்து முன்சீட்டில் இருந்த ஒரு பெண்ணைக் கேட்டார்.

"டிக்கெட்டு?"

"பின்னாடி எடுப்பாங்க."

"எந்த ஊரு, எத்தினி பேரு?"

"கீழ்பென்னாத்தூரு. ரெண்டு."

"ஆளு எப்படி கீறாரு?"

"பச்சைத் துண்டு."

கண்டக்டர் எரிச்சலோடு பின்பக்கம் திரும்பி, "கீழ்பென்னாத்தூர் ரெண்டு, பச்சைத் துண்டு யாருய்யா?" என்று ஒரு குரல் கொடுத்தார். தலைகளுக்கு மேலே ஒரு கை எழும்பியது. முடிந்தது கதை. கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

நான் வாயைப் பிளந்து நின்றேன். தினம் போகிற பஸ், தினம் கேட்கிற பேச்சு. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், நடுவில் ஒரு பெரும் கூட்டம். அதில் யாருடைய ஆள் யார் என்று அந்த மனுஷர் நாள் முழுக்கக் கண்டுபிடிக்கிறார், ஒருத்தர் பேரையும் கேட்காமல்! ஊர், எத்தனை பேர், துண்டு. பேர் எதற்கு? இந்த ஊர்ப்பக்கம் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மலை மேல் ஏறி நின்று கூப்பிடுவதா? பஸ்ஸிலேயே "அடிசக்கை!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற கிழவி திரும்பிப் பார்த்து நகர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக உள்ளே போய் முதல் திரையை அழித்தேன். முதலாளிக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இன்னாம்மா பண்ற?"

"பேர் வேணாம் சார்."

"பேரில்லாம ஒரு புரோகிராமா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"நேத்து சிரிச்சது போதாதா?"

கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அன்றைக்கு நான் அடங்குகிற நிலையில் இல்லை. காகிதத்தைத் திருப்பிப்போட்டு அவருக்கு வரைந்து காட்டினேன். முதல் கேள்வி ஊர். ஊரைத் தட்டச்சு செய்யக்கூட வேண்டாம், சுற்று வட்டாரத்து ஊர்களையெல்லாம் திரையில் எண் போட்டுக் காட்டலாம், அந்த எண்ணை அழுத்தினால் போதும். அடுத்து, கூட வந்தவர்கள் எத்தனை பேர். அடுத்து துண்டோ புடவையோ, அதன் நிறம். அடுத்து, கையில் என்ன வைத்திருக்கிறார். பேர் கடைசியில், அதுவும் இஷ்டமிருந்தால். எதுவும் கட்டாயமில்லை, தெரியாததைத் தாண்டிப் போகலாம். ஊரும் இன்னும் இரண்டு விஷயமும் ஒத்துப்போனால் பீப்.

"துண்டு கலர் ஒரு ஃபீல்டா?" என்றார், அழுகிற குரலில்.

"நம்ம ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் எப்படி சார் தேடறோம்?"

அவர் மெதுவாக, "என் விளக்கு?" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதல் திரையில் விளக்கு கிடையாது, ஆனால் ஆள் கிடைத்ததும் திரையில் விளக்கு எரியும் என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

தீபத்தன்று பொழுது விடிந்ததிலிருந்தே கிழக்கு கோபுரத்துப் பக்கம் தலைதான், தரையே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பந்தல் இருந்தது. அங்கே வருகிறவர்களின் விவரத்தை ஒரு போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் சொல்ல, இங்கே நான் தட்டினேன். மைக் பெரியவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வழக்கம்போலத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி மேலே ஓலைக் கூரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

முதல் பீப் வந்தபோது யாருக்கும் கேட்கவில்லை, எனக்கு மட்டும்தான் கேட்டது. திரையில் முதலாளியின் விளக்கு வரி வரியாக ஏறியது. ஒரு பாட்டியும் அவளுடைய மருமகளும், சேத்துப்பட்டுப் பக்கம், நீலப் புடவை, கையில் தூக்குவாளி. அடுத்தது ஒரு பையன். அதற்கடுத்தது அண்ணன் தம்பி. மத்தியானத்துக்குள் பீப் சத்தம் கேட்டாலே முதலாளி கை தட்ட ஆரம்பித்தார். மைக் பெரியவர் மெல்ல நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு, "அந்த வந்தவாசி சிவப்புச் சட்டை என்ன ஆச்சு?" என்று அவரே கேட்டார். "அப்பவே போயாச்சு" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் தலையைத் தூக்கித்தான் சொன்னேன்.

ஐந்து மணி தாண்டியிருக்கும். எல்லாரும் மலை உச்சியைப் பார்த்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் வாசலில் அதே மஞ்சள் முகம், அதே சுருக்குப்பை. இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் இருந்தது.

"மறுபடியும் தொலைஞ்சுட்டாரா?"

"மாடு வாங்கலைன்னாலும் கயிறாவது வாங்கியாறேன்னு போனவருதான். கல்யாணமான வருஷத்துலருந்து தீபத்தை ஒண்ணா நின்னுதாம்மா பாக்கறோம். ஒரு வருஷம் கூடத் தவறினதில்ல. மைக்ல கூப்பிடச் சொல்லும்மா... ஆனா அந்தப் பொட்டி கிட்ட நான் வரமாட்டேன். அது பேரைக் கேக்கும்."

"கேக்காதும்மா. வந்து உட்காருங்க."

"கேக்காது?"

"சத்தியமா கேக்காது."

நம்பாமல்தான் உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில். அவலூர்பேட்டை. ரெண்டு பேர். சிவப்புத் துண்டு. கையில்? "வேற இன்னா, மூக்கணாங்கயிறுதான்." நான் என்டரை அழுத்தினேன். மற்ற யாருக்கு ஓடாவிட்டாலும் இவளுக்கு ஓடியாக வேண்டும். திரை ஒரு கணம் கருப்பாக நின்றது.

பீப்.

பஸ் ஸ்டாண்டுப் பந்தல். அவலூர்பேட்டை, ரெண்டு பேர், சிவப்புத் துண்டு, புது மூக்கணாங்கயிறு. சம்சாரத்தைக் காணோம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார்! நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வயர்லெஸ்காரர், "அனுப்பறோம், அனுப்பறோம்" என்று கத்தினார். திரையில் விளக்கு ஏறி முடித்து எரிந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்து இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவர் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தோளில் சிவப்புத் துண்டு, கையில் கயிறு. பெண்டாட்டி கிடைத்த சந்தோஷத்தைக் காட்டாமல் முதலில் முறைத்தார்.

"இத்தினி ஜனத்துல என்னை எப்படிக் கண்டுபுடிச்ச? என் பேரைச் சொன்னியா?"

"நான் ஏன் சொல்றேன்? அதுவே கேக்கலியே!" என்று அந்த அம்மாள் கம்ப்யூட்டரைக் காட்டினாள். "அன்னிக்கு கேட்டுது, அறிவில்லாம. இன்னிக்கு மரியாதை கத்துக்கிச்சு."

பந்தல் கொல்லென்று சிரித்தது. இந்தத் தடவை மைக் பெரியவரும் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. அப்போதுதான் மலை உச்சியில் தீபம் தெரிந்தது. "அரோகரா" என்று ஊரே எழுந்து கத்தியது. அந்த இரண்டு பேரும் ஒண்ணாக நின்று, கயிறும் சுருக்குப்பையுமாகக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மலை சரியாகத் தெரியவில்லை.

சத்தம் அடங்கியதும் மைக் பெரியவர் மைக்கைத் தட்டினார். ஊருக்கே கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்: "கூட வந்தவங்களைத் தேடற தாய்மார்கள் கிழக்கு கோபுரத்துப் பந்தலுக்கு வாங்க. வீட்டுக்காரர் பேர் சொல்ல வேணாம். ஊரும் துண்டு கலரும் சொன்னாப் போதும். இங்க ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் வச்சிருக்குது, அது பாத்துக்கும்."

மறுபடியும் சொன்னார். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும், நைனாவிடம் நான் போய்ச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அதுவரை எங்கே நின்றிருந்தார்களோ, நாலா பக்கத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். வரிசை பந்தலைத் தாண்டி, கற்பூரக் கடையைத் தாண்டிப் போனது. முதலாளி அந்த வரிசையின் கடைசி வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"எம்மா, ஜெராக்ஸ் மிஷின் எவனுக்கு வேணும்! நீ உக்காரு!"

நான் உட்கார்ந்தேன். முதலில் நின்ற பெண் வாயை முந்தானையால் பொத்தத் தயாராகவே வந்திருந்தாள்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.